ஹெல்லர் 1/72 கோட்ரோன் சிமூன்: பழைய பெட்டி, அருமையான விமானம்

இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்துப் பிரெஞ்சு விமானங்களை மாடலாகக் கட்ட ஆசைப்பட்டால், எங்கே சுற்றினாலும் கடைசியில் ஹெல்லரிடம்தான் வந்து நிற்க வேண்டும். ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் பாகங்களைப் பெட்டியில் போட்டு (கிட்) விற்கும், 1957-இல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனம் அது. மற்றவர்கள் ஸ்பிட்ஃபயரையும் மெசர்ஷ்மிட்டையும் திரும்பத் திரும்ப வெளியிட்டுக்கொண்டிருந்த காலத்தில், டெவாட்டின் 510, மொரான்-சோல்னியே 225, பொத்தே 540, அமியோ 143 என்று தன் நாட்டு விமானங்களை 1/72 அளவில், அதாவது நிஜ விமானத்தில் 72-இல் ஒரு பங்கு நீளத்தில், கொண்டுவந்தது. அந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது கோட்ரோன் சிமூன்.

பினாங்கில் இதைப் புதுப் பெட்டியாகத் தேடி அலைய வேண்டாம். லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் ஞாயிறு காலை, வெயில் ஏறும் முன்னே போனால் எப்போதாவது கண்ணில் படும். நான் அங்கேதான் வாங்கினேன், 45 வெள்ளிக்கு (ரிங்கிட்). ரைஸ் குக்கர் மூடிகளுக்கும் பழைய ரேடியோவுக்கும் நடுவில் இருந்தது. பெட்டியின் ஒரு மூலை கிழிந்து, உள்ளே டீக்கால் தாள் (தண்ணீரில் நனைத்து மாடலில் ஒட்டும் எழுத்து, சின்னங்கள்) பழுப்பேறிக் கிடந்தது. எத்தனை வருஷம் எந்தத் தகரக் கூரைக்குக் கீழே வெந்ததோ, ஒரு பக்க இறக்கை லேசாக வளைந்தும் இருந்தது. பாகங்கள் மட்டும் ஒன்றுகூடக் குறையவில்லை.

சிமூன் போர் விமானம் இல்லை. மார்செல் ரிஃபார் வடிவமைத்த நாலு பேர் உட்காரும் பயண விமானம். பெரும்பாலும் மரத்தால் ஆனது, ஒற்றை ரெனோ எஞ்சின், இறக்கை அகலம் 10.40 மீட்டர். ஏர் புளூ நிறுவனம் 1935 ஜூலை 10-இல் பிரான்ஸுக்குள் தபால் கொண்டுபோகத் தொடங்கியபோது பறந்தது இதுதான். அதே வருஷம் டிசம்பர் 30-ஆம் தேதி, பாரிஸிலிருந்து சைகோனுக்குச் சாதனை நேரத்தில் போய்ச் சேரக் கிளம்பிய எழுத்தாளரும் விமானியுமான செந்த்-எக்ஸ்யூபெரி லிபியப் பாலைவனத்தில் விழுந்ததும் சிமூனில்தான். அவரும் மெக்கானிக் பிரேவோவும் தண்ணீர் இல்லாமல் நடந்து, ஒரு பெதூயின் பாலைவன நாடோடியின் கண்ணில் பட்டுப் பிழைத்தார்கள். அடுத்த வருஷம் பெண் விமானி மரீஸ் பாஸ்தியே தன்னந்தனியாகத் தென் அட்லாண்டிக்கைத் தாண்டினார், அதுவும் சிமூன். இவ்வளவு கதையும் கட்டி முடித்தால் ஒரு சாண்கூட வராத இந்த விமானத்தில் இருக்கிறது. போர் விமானம் மட்டுமே கட்டுகிற நண்பர்களிடம் நான் விடாமல் இதைச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

சரி, கிட்டுக்கு வருவோம். உருவம் அச்சு அசல். நீண்ட மெலிந்த மூக்கு, வழுக்கிக்கொண்டு பின்னால் போகும் கூரை, சக்கரத்தை மூடிய கால்சட்டை மாதிரியான உறை எல்லாமே பழைய புகைப்படங்களோடு ஒத்துப்போகின்றன. வளைந்த இறக்கையை வெந்நீரில் காட்டி, கையால் மெல்ல நிமிர்த்தி, குளிர்ந்த தண்ணீரில் வைத்தேன், சரியாகிவிட்டது. இறக்கையின் பின்விளிம்பு அந்தக் காலத்துத் தடிமன்தான். இரண்டு பாதியையும் ஒட்டும் முன்னால் உள்பக்கம் தேய்த்து மெலிதாக்குங்கள். அரை மணி நேர வேலை, பார்வையே மாறிவிடும்.

நேரத்தைக் கொட்ட வேண்டிய இடம் கேபின் கண்ணாடி. சிமூனுக்கு ஜன்னல்தான் முகம். வெளியிலிருந்து உள்ளே நாலு இருக்கையும் தெரியும், அதனால் இருக்கைக்கு நிறம் அடிக்காமல் மூடிவிட முடியாது. நான் தோல் நிறம் அடித்து, மாஸ்கிங் டேப்பை நூல் மாதிரி வெட்டி பெல்ட் வைத்தேன். கண்ணாடியில் நுண்கீறல் இருந்தால் 2000 நம்பர் சாண்ட்பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, பிறகு பாலிஷ் போடுங்கள். ஒட்டுவதற்குப் பிள்ளைகள் கைவேலைக்கு வைத்திருக்கும் வெள்ளைப் பசை போதும். சூப்பர் குளூ பக்கமே போகக்கூடாது, அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்துவிடும்.

பெயிண்ட் அடிப்பதில் நம் ஊர் ஈரக் காற்றுதான் எதிரி. மத்தியானம் மழை கட்டி நிற்கும்போது லேக்கர் (தின்னர் கலந்து அடிக்கும், சட்டென்று காயும் பெயிண்ட்) அடித்தால் மேலே பால் பூத்த மாதிரி வெளுத்துப்போகும். காலை பத்து மணிவாக்கில், வானம் தெளிவாக இருக்கிற நாளில் அடியுங்கள். தள்ளிப்போட முடியாவிட்டால் மெதுவாகக் காயவைக்கும் ரிடார்டர் கொஞ்சம் கலந்துகொள்ளலாம். நான் ஏர் புளூ தபால் விமானமாக நீலம் அடித்தேன். ஒரே நிறம் என்பதால் உடம்பின் வளைவுகள் எல்லாம் எடுப்பாகத் தெரிகின்றன.

டீக்கால் பழுப்பாக இருக்கிறதே என்று தூக்கிப்போட்டுவிடாதீர்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு, வெயில் விழும் ஜன்னலில் டேப் போட்டு ஒட்டிவையுங்கள். பினாங்கு வெயில் அந்த மஞ்சளை மெல்ல மெல்லத் தின்றுவிடும். அப்புறம் தண்ணீரில் போடும் முன் மேலே ஒரு பூச்சு கிளியர் வார்னிஷ் அடித்தே ஆகவேண்டும். பழைய டீக்கால் நனைந்ததும் துண்டு துண்டாக உடையும், அதைப் பிடித்து நிறுத்துவது இந்தப் பூச்சுதான். அடித்த பிறகு ஒவ்வொரு எழுத்தையும் விளிம்பை ஒட்டித் தனித்தனியாக வெட்டிக்கொள்ளுங்கள், ஏனென்றால் வார்னிஷ் எல்லாவற்றையும் ஒரே படலமாகச் சேர்த்திருக்கும். எனக்கு ஒன்றுகூட உடையவில்லை.

முதல் மாடல் கட்டுபவருக்கு இதைக் கொடுக்க மாட்டேன், இரண்டு மூன்று கட்டிய கைக்குத்தான் இது. வாங்கும்போது மட்டும் காசு கொடுக்கும் முன் பெட்டியைத் திறந்து, முதலில் கண்ணாடிப் பாகங்களைப் பாருங்கள். வளைந்த இறக்கையை நிமிர்த்தலாம், பழுத்த டீக்காலை மீட்கலாம். கண்ணாடி விரிசல் விட்டிருந்தால் 20 வெள்ளி சொன்னாலும் வேண்டாம். அது நன்றாக இருந்தால் 60 வரை தாராளமாகக் கொடுக்கலாம்.