நோன்புக்கு முன்னும் பின்னும்: ஆங்கிலத்தில் எந்தச் சொல் பொருந்தும்?

நோன்பை முடித்து உண்ணும் உணவுக்கு ஆங்கிலத்தில் சொந்தச் சொல்லே இருந்தது. அதைக் காலைச் சிற்றுண்டி எடுத்துக்கொண்டுவிட்டது. 15ஆம் நூற்றாண்டில் வழக்குக்கு வந்த 'பிரெக்ஃபஸ்ட்', இரவெல்லாம் உண்ணாதிருந்த விரதத்தை முடிப்பது என்றே பொருள்பட்டது. 'டின்னர்' என்பதும் பழைய பிரெஞ்சு வழியாக வந்த, அதே பொருள்கொண்ட லத்தீன் வேரைச் சேர்ந்ததுதான். எனவே ரமலான் மாலை உணவைப் பற்றி இன்று ஆங்கிலத்தில் எழுதுபவர், 'பிரேக்கிங் தி ஃபாஸ்ட்' (நோன்பை உடைத்தல்) என்னும் தொடர், யூதர்கள் வழங்கும் 'பிரேக்-ஃபாஸ்ட்', அரபியின் 'இஃப்தார்' ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

முதல் தொடர் எவருக்கும் புரியும். ஆனால் நோன்பை உரிய நேரத்தில் முடித்தவரையும், பகல் நடுவே மீறி உண்டவரையும் அது ஒரே வினையால் குறிக்கிறது. தமிழ் முஸ்லிம்கள் மாலையில் நோன்பைத் 'திறக்கிறார்கள்'. இடையில் உண்டால் நோன்பு 'முறிந்துவிடுகிறது'. மலாய் மொழியின் 'புக்கா புவாசா'வும் திறத்தலையே சொல்கிறது. இந்த வேறுபாட்டை இயல்பாகப் பேசி வளர்ந்தவர்களுக்கு, வழிபாட்டின் நிறைவைக் குறிக்க 'உடைத்தல்' என்னும் வினை எத்தனை பொருந்தாதது என்று விளக்கத் தேவையில்லை.

'பிரேக்-ஃபாஸ்ட்' அமெரிக்க யூதர்களிடையே உயிரோடு இருக்கும் சொல். பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூரில் ஏறத்தாழ 25 மணி நேரம் உண்ணாமலும் பருகாமலும் இருந்தபின், பேகல் ரொட்டியும் உப்பிட்ட சால்மன் மீனும் வைத்து உறவினர் கூடி உண்ணும் வேளையை அது குறிக்கிறது. பேச்சில் குழப்பம் இல்லை. காலை உணவின் குறுகிய உயிரொலிகளுக்கு மாறாக, இரண்டு அசைகளும் முழுமையாக ஒலிக்கின்றன. எழுத்திலோ எல்லாப் பொறுப்பும் ஒரு சிறு கோட்டின்மேல் விழுகிறது. அச்சில் அது விடுபட்டால் மாலை விருந்து காலைச் சிற்றுண்டியாகிவிடும்.

'இஃப்தார்' இவ்விரு குறைகளும் அற்றது. அரபியில் அதற்கும் காலை உணவு என்னும் பொருள் உண்டு என்றாலும், ஆங்கிலத்துக்கு அந்தப் பொருள் வந்து சேரவில்லை. 2023இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் இவ்வழக்கத்தைச் சேர்த்தபோது ஆங்கிலத்திலும் இந்தச் சொல்லையே வைத்தது. 1805 டிசம்பரில் ரமலான் நோன்பிலிருந்த துனிசியத் தூதருக்காக அமெரிக்க அதிபர் தாமஸ் ஜெபர்சன் விருந்தைப் பிற்பகல் மூன்றரை மணியிலிருந்து சூரியன் மறையும் வேளைக்கு மாற்றினார். அவருடைய மொழியில் அது வெறும் 'டின்னர்'தான். இன்று அதை இஃப்தார் என எழுதுபவர்கள், அது பிற்காலத்தார் இட்ட பெயர் என்பதையும் சேர்த்து எழுதுவதே நேர்மை.

நோன்புக்கு முந்தைய உணவுக்கு ஆங்கிலத்தில் தனிச்சொல் இல்லை. 'சுஹூர்', 'செஹ்ரி' என்னும் இரண்டும் சஹர் என்னும் வைகறைக்கு முந்தைய நேரத்திலிருந்து பிறந்தவை. அரபு இலக்கணப்படி உண்ணப்படும் உணவு 'சஹூர்', உண்ணும் செயல் 'சுஹூர்'. ஆங்கிலமோ செயலின் பெயரையே உணவுக்கும் வைத்துக்கொண்டது. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேச வாசகர்களுக்கு எழுதினால் 'செஹ்ரி'யையும், பிறருக்கு 'சுஹூர்' என்பதையும் நான் தேர்வேன். 'பிரி-டான் மீல்' (வைகறைக்கு முந்தைய உணவு) என்பதை முதல் முறை விளக்கமாக மட்டும் தரலாம். அது யூதர்களின் யோம் கிப்பூர் நோன்புக்கு உதவாது. அவர்களுடைய 'செயுதா மஃப்செகெத்', அதாவது பிரித்து நிறுத்தும் உணவு, நோன்பு தொடங்கும் மாலையில் சூரியன் மறையுமுன் உண்ணப்படுவது. இரு சமயங்களையும் ஒரே வாக்கியத்தில் பேசும்போது மட்டும் 'பிரி-ஃபாஸ்ட் மீல்' (நோன்புக்கு முந்தைய உணவு) கைகொடுக்கும்.

ஏகாதசி விரதத்துக்குப் பின் துவாதசிக் காலையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சேர்த்து உண்ணும் பாரணைக்கு, 'பிரெக்ஃபஸ்ட்' சொல்லளவிலும் நேரத்தளவிலும் பொருந்துகிறது. ஆயினும் அதை அப்படி எழுதினால் படிப்பவர் மனத்தில் விரதமே தோன்றாது என்பதால், அங்கும் 'பாரணா' என்றே எழுதி ஒருமுறை விளக்குவேன்.