ஜிமேட் ‘தனி அட்டவணை’க்குக் காசு கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள்

சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் ஒரு சிப் ஆலையில் வேலை எனக்கு. 12 மணி நேர ஷிஃப்ட். இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு. எம்பிஏ ஆசை வந்து, அதில் சேர எழுதும் ஜிமேட் தேர்வைப் பார்த்தபோது என்னைப் பயமுறுத்தியது கணக்கு அல்ல, நேரம்தான். எப்போது உட்கார்ந்து படிப்பது? அந்தப் பயத்தைத்தான் ஒரு பயிற்சி நிலையம் காசாக்கிக்கொண்டது. பெயரைச் சொல்லப்போவதில்லை, விவகாரம் இன்னும் முடியவில்லை.

பேசியவர் நம்ம ஆள். “கவலையே படாதீங்கண்ணே, உங்க ஷிஃப்டுக்கு ஏத்த மாதிரி நாங்களே அட்டவணை போட்டுத் தர்றோம். 60 நாள்ல 700 மார்க் நிச்சயம். இன்னைக்கே முழுசா கட்டினா 300 வெள்ளி குறையும்” என்றார். தமிழில் ‘அண்ணே’ என்று கேட்டால் போதும், எனக்கு மனசு இளகிவிடும். தேக்காவில் வாங்கிய தே தாரிக் ஆறுவதற்குள் கைப்பேசியில் பேநவ் வழியாக 1,800 வெள்ளி போய்விட்டது.

மூன்று நாள் கழித்து எக்செல் கோப்பு ஒன்று வந்தது. வண்ண வண்ணக் கட்டங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை, இரவு 7 மணியிலிருந்து 10 மணி வரை படிப்பு! பகல் ஷிஃப்ட் என்றால் அந்த நேரத்தில் பேருந்தில் தூங்கி வழிந்துகொண்டிருப்பேன். இரவு ஷிஃப்ட் என்றால் வெள்ளை உடுப்பும் முகமூடியும் மாட்டிக்கொண்டு அப்போதுதான் உள்ளே நுழைந்திருப்பேன். கோப்பின் அடியில் இன்னொரு தாள் இருந்தது. தட்டிப் பார்த்தேன். மேலே வேறு யாரோ ஒரு பெண்ணின் பெயர். கீழே அதே கட்டங்கள், அதே நேரம், ‘பலவீனமான பகுதி’ என்ற இடத்தில்கூட எனக்கு எழுதிய அதே வரி.

கேட்டேன். “தப்பா ஒட்டிட்டாங்கண்ணே” என்றார். சரி என்று விட்டேன். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

அடுத்த ஐந்து வாரம் தூக்கத்தை விற்றுப் படித்தேன். வாக்கியத் திருத்தம், வட்டம், முக்கோணம், கட்டுரை எழுதுவது. ஒருநாள் கேன்டீனில் என் நோட்டைப் புரட்டிய நண்பன் சிரித்துவிட்டான். “மச்சான், இதையெல்லாம் எடுத்து எவ்வளவு நாளாச்சு!” அவன் சொன்னது உண்மை. 2023 நவம்பரில் புதிய ஜிமேட் வந்தது; பழையது 2024 ஜனவரி 31-ஓடு முடிந்தது. இப்போது குவாண்ட் (கணக்கு), வெர்பல் (ஆங்கில வாசிப்பும் தர்க்கமும்), டேட்டா இன்சைட்ஸ் (தரவுகளை அலசுவது) என்று மூன்றே பகுதி, ஒவ்வொன்றும் 45 நிமிடம், மொத்தம் 64 கேள்வி. வாக்கியத் திருத்தமும் இல்லை, வடிவியலும் இல்லை, கட்டுரையும் இல்லை. மதிப்பெண் 205-இலிருந்து 805 வரை, எல்லாமே 5-இல்தான் முடியும். எனக்கு விற்றது பழைய தேர்வின் புத்தகம். டேட்டா இன்சைட்ஸுக்கு அட்டவணையில் இருந்ததோ கடைசி நான்கு நாள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், முதல் வகுப்புக்கு வந்துவிட்டால் கிடையாது என்று ரசீதின் பின்பக்கத்தைக் காட்டுகிறார்கள். பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். அங்கே முடியாவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் வேண்டாம், இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். நல்லவேளை, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்கவில்லை.

நீங்கள் கட்டுவதாக இருந்தால், முதலில் மாதிரி அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள், டேட்டா இன்சைட்ஸுக்கு எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். பதில் வழவழவென்று வந்தால் எழுந்துவிடுங்கள். அதற்கும் முன்னால், எம்பிஏ டாட் காமில் இரண்டு அதிகாரபூர்வ மாதிரித் தேர்வுகள் இலவசம். ஒன்றை எழுதிப் பார்த்தால் எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடும். எனக்கு அது தெரிய ஐந்து வாரம் ஆனது. இப்போது ஓய்வு நாள் காலையில் மூன்று மணி நேரம் நூலகத்தில் படிக்கிறேன். வேலை நாளில் எம்ஆர்டி ரயிலில் தப்பான கணக்குகளை மட்டும் திரும்பப் பார்ப்பேன், அவ்வளவுதான். மறுபடி எழுத 16 நாள் காத்திருக்க வேண்டும் என்பதால், விண்ணப்பக் கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் தேதி எடுத்தேன்.

நேற்று அந்த நிலையத்திலிருந்து எனக்கு மறுபடியும் ஒரு விளம்பரச் செய்தி. ‘60 நாளில் 700 நிச்சயம்!’