ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிலரங்கா, எட்டு வார வகுப்பா?

மைண்ட்ஃபுல்னஸ் (இந்த நொடியில் நடப்பதை நிதானமாகக் கவனிப்பது) பயிற்சி என்றதும் பள்ளிகள் தடுமாறுவது இங்கேதான்.

செலவு: பயிலரங்குக்குக் குறைவு. எட்டு வாரத்துக்குக் கூடுதல்.

நேரம்: பயிலரங்குக்கு ஒரு சனிக்கிழமை போதும். மற்றது, ஜான் கபாட்-சின் 1979-இல் அமெரிக்காவில் தொடங்கிய முறைப்படி, வாரம் சுமார் இரண்டரை மணி நேரம், அப்புறம் வீட்டில் தினசரிப் பயிற்சி. விடைத்தாள் கட்டு மேசையில் கிடக்கும் மாதத்தில் அது நடக்காது.

பலன்: பெரிய வித்தியாசம் இதில்தான். நாற்பது பிள்ளைகள் ஒன்றாகக் கத்தும்போது, ஒரே நாளில் கற்றது நினைவுக்கே வராது. வாரவாரம் பழகியவர் கரும்பலகைப் பக்கம் திரும்பி, நிதானமாக ஒரு மூச்சு விட்டு, குரலை உயர்த்தாமல் பேசுவார்.

அறிமுகம் மட்டும் போதுமென்றால் பயிலரங்கு சரி. சோர்ந்துபோன ஆசிரியர்களுக்கு எட்டு வாரம்தான். விருப்பமுள்ளவர்களோடு ஜூலையில், பள்ளி நேரத்துக்குள்ளேயே தொடங்குங்கள்.