காரைக்குடி கோடை வாசிப்பு வகுப்பு: சேர்க்கலாம், ஒன்றைக் கேட்டுவிட்டு

காரைக்குடியில் ஒரு பழைய வீட்டின் பட்டாலையில் நடக்கிற வகுப்பு இது. 10 ஞாயிற்றுக்கிழமை, 1500 ரூபாய், ஒன்பதாவது பத்தாவது படிக்கிற பிள்ளைகள் ஆத்தங்குடிக் கல்தரையில் உட்கார்ந்து ஒரே ஒரு நாவலைப் படித்து முடிப்பார்கள். இந்த வருடம் மார்க் ட்வெய்னின் 'ஹக்கிள்பெரி ஃபின்'; ஹக் என்கிற வெள்ளைக்காரப் பையனும் தப்பி ஓடிய ஜிம் என்கிற கறுப்பின அடிமையும் சேர்ந்து போகிற கதை. என் மகள் போனாள்.

சேர்க்கும்போது எனக்குத் தயக்கம்தான். கறுப்பின மக்களைக் கேவலப்படுத்துகிற அந்த ஒரு சொல் புத்தகத்தில் 200 தடவைக்கு மேல் வருகிறது. அமெரிக்காவில் 2011-ல் ஒரு பதிப்பகம் அதை எடுத்துவிட்டு 'அடிமை' என்று போட்டு ஒரு பதிப்பே கொண்டுவந்தது. அதை வைத்து நடத்தலாமே என்று கேட்டேன். "அடிமைங்கிறது ஜிம்மோட நிலைமை, அக்கா. ஊரு அவனை எப்படிப் பார்த்துச்சுங்கிறது அந்தச் சொல்லுலதான் இருக்கு" என்றார் டீச்சர்.

முதல் வாரம் புத்தகத்தையே திறக்கவில்லை. அமெரிக்காவில் அடிமைமுறை 1865-ல் ஒழிந்தது, நாவல் வந்தது 1884-ல், ஆனால் கதை நடப்பது அடிமைமுறை இருந்த காலத்தில், இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒரு விதி போட்டிருக்கிறார்: அந்தச் சொல் தாளில் இருக்கும், யாரும் வாய்விட்டுப் படிக்கக் கூடாது. அப்புறம், உங்கள் வீட்டில் யாரையாவது இப்படி ஒரு சொல்லால் கூப்பிட்டிருக்கிறார்களா, கேட்டு வாருங்கள் என்றாராம்.

மகள் அவள் அப்பத்தாவிடம் கேட்டாள். என் மாமியாரின் அப்பா ரங்கூனில் வட்டிக்கடையில் கணக்கு எழுதியவர், 1942-ல் நடந்தே ஊர் திரும்பினவர். பர்மாவில் நம்மவர்களை இளக்காரமாக 'கலா' என்பார்கள். அதைச் சொல்லும்போது இத்தனை வயதிலும் மாமியாருக்குக் குரல் இறங்கிவிட்டது. எங்கள் வீட்டில் வேலைக்கு வந்தவருக்கு ஒரு காலத்தில் தனி டம்ளர் வைத்திருந்ததும் அதே மாமியார்தான். மகள் அதையும் கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை, நானும் தலையைக் குனிந்துகொண்டேன்.

31-ஆம் அத்தியாயத்தை மகள் அடுப்படியில் நின்று எனக்குச் சொன்னாள். ஜிம்மைக் காட்டிக்கொடுக்காவிட்டால் நரகம்தான் என்று ஹக்குக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள், அவனும் அதை நம்புகிறான், நம்பிக்கொண்டே, ஜிம்மைக் காட்டிக்கொடுத்து அவனுடைய எஜமானிக்கு எழுதிய கடிதத்தைக் கிழிக்கிறான். அந்தச் சொல்லைச் சொல்லி வளர்ந்த பையன்தான் இதைச் செய்கிறான். சொல்லை எடுத்துவிட்டால் அவன் எங்கிருந்து வந்தான் என்பதே தெரியாமல் போய்விடும் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ஆனால் ஆறாவது வாரம் நடந்ததை நான் விடமாட்டேன். டீச்சர் ஊரில் இல்லை, மாற்றாக வந்தவர் ஜிம் பேசுகிற இடங்களை வகுப்பிலேயே கறுப்பான பையனிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார், விதியைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள், வாசலில் செருப்பு மாட்டும்போது அவனை ஜிம் ஜிம் என்று கூப்பிட்டார்கள். அடுத்த இரண்டு வாரம் அவன் வரவில்லை. டீச்சர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டார், சரி, பையனும் திரும்பி வந்தான். ஆனாலும் நிறத்துக்காகவோ சாதிக்காகவோ ஏற்கெனவே அடிபட்ட பிள்ளை எந்த வகுப்பிலும் ஒன்று இருக்கும், இப்படிப்பட்ட புத்தகத்தை எடுக்கிறவர்கள் முதலில் அந்தப் பிள்ளையை நினைக்க வேண்டாமா?

பள்ளிக்கூடங்களிலும் இந்த நாவலை நடத்தலாம் என்றுதான் இப்போது சொல்வேன். நோட்ஸைப் பார்த்து ஒப்பித்து, ஒரு மார்க் கேள்வியாக்கிவிடுகிறவர் கையில் மட்டும் கொடுக்க வேண்டாம்.

அடுத்த கோடைக்குச் சின்னவனைச் சேர்க்கப்போகிறேன். பணம் கட்டுவதற்கு முன்னால், டீச்சர் வராத வாரம் யார் வருவார் என்று கேட்பேன்.