தரையில் முன்னேற இரண்டு வழி: விஸ்கான்சினும் ஆர்மியும்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஓட்ட ஆட்டம், அதாவது பந்தை எறியாமல் கையில் வைத்துக்கொண்டு ஓடி முன்னேறுவது என்று பேச்சு வந்தால், எல்லோரும் பந்தோடு ஓடுகிறவரைத்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது ஆள் கணக்கை. ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக், ஓடுகிறவர் கையில் பந்தைக் கொடுத்ததும் அவர் வேலை முடிந்துவிடுகிறது. ஓடுகிறவர் தனக்காகத் தானே எதிரணியினரைத் தடுக்க முடியாது. மீதி 9 பேர் எதிரணியின் 11 பேரைச் சமாளிக்க வேண்டும். அந்த இரண்டு பேர் குறையை எப்படி ஈடுகட்டுவது?

விஸ்கான்சின் பல்கலைக்கழகம் உடல் பலத்தால் ஈடுகட்டியது. முன்வரிசையில் நின்று எதிரணியைத் தடுக்கும், 300 பவுண்டைத் தாண்டிய லைன்மேன்கள் இரண்டு பேராகச் சேர்ந்து ஒருவரைத் தள்ளுவார்கள். பிறகு அதில் ஒருவர் விலகிப் எதிரணி முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் தடுப்பாளரான லைன்பேக்கரைப் பிடிப்பார். மறுபக்கத்து லைன்மேன்களில் ஒருவரான கார்டு ஓடிவந்து சேர்ந்துகொள்வார். மைதானம் முழுக்க ஆள் குறைவுதான், ஆனால் பந்து போகும் பக்கத்தில் மட்டும் கூடுதல். 2014-ல் அந்த அணியின் மெல்வின் கார்டன் நெப்ராஸ்காவுக்கு எதிராக 25 முறை பந்தோடு ஓடி 408 கெஜம் எடுத்தார், அதுவும் கடைசிக் கால்பகுதியில் இறங்காமலே. ஜொனாதன் டெய்லர் 2017 முதல் 2019 வரை மூன்று சீசனில் 6,174 கெஜம். இருவரும் அபாரமான ஓட்டக்காரர்கள்தான். ஆனாலும் ஆள் மாறியும் ஓட்டம் நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அமெரிக்க ராணுவக் கல்லூரியின் அணியான ஆர்மிக்கு அந்த வழி கிடையாது. ராணுவ அதிகாரியாகப் போகிற மாணவர்கள் உடல்தகுதிக் கட்டுப்பாட்டுக்குள் இருக்க வேண்டும். அவ்வளவு கனமான லைன்மேன்களை அங்கே சேர்ப்பது கடினம். அதனால் அவர்கள் கையாள்வது ட்ரிபிள் ஆப்ஷன், அதாவது பந்தை யார் கொண்டுபோவது என்று மூன்று வழியில் ஒன்றை ஓடும்போதே தேர்ந்தெடுக்கும் ஆட்டம். எதிரணியில் இரண்டு பேரை யாருமே தடுக்காமல் வேண்டுமென்றே விட்டுவிடுகிறார்கள். முதல் ஆள் நடுவில் பாயும் ஓட்டக்காரரான ஃபுல்பேக்கைப் பிடிக்கப் போனால், குவார்ட்டர்பேக் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு ஓடுவார். அடுத்த ஆள் தன்மேல் வந்தால் பக்கத்தில் ஓடிவருபவருக்குத் தட்டிவிடுவார். தள்ள முடியாத ஆளைத் தள்ளவே வேண்டாம், அவர் எடுக்கும் முடிவைத் தவறாக்கினால் போதும். 9-க்கு 11 என்பது 9-க்கு 9 ஆகிவிடுகிறது! இந்த விளையாட்டில் இதைவிட அழகான யோசனை எனக்குத் தெரியாது.

2018-ல் ஓக்லஹோமாவின் சொந்த மைதானத்தில் ஆர்மி ஏறக்குறைய 45 நிமிடம் பந்தைத் தன் கையிலேயே வைத்திருந்தது. அந்த ஆண்டு சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மேன் விருது வாங்கிய ஓக்லஹோமா குவார்ட்டர்பேக் கைலர் மர்ரி பெரும்பாலான நேரம் வெளியே உட்கார்ந்திருந்தார். கூடுதல் நேரத்தில் 28-21 என்று ஆர்மி தோற்றது. ஆனாலும் பலவீனமான அணிக்கு அது எவ்வளவு பெரிய ஆட்டம்!

குறைகளும் உண்டு. இரண்டு டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோய் எடுக்கும் புள்ளி) பின்தங்கிவிட்டால் ஆப்ஷன் அணிக்கு நேரம் போதாது. 2022-ல் லைன்மேன்கள் நிற்கும் பகுதிக்கு வெளியே இடுப்புக்குக் கீழே மோதித் தடுப்பதற்குத் தடை வந்தது. ஆப்ஷனுக்கு அது பெரிய அடி. ஆர்மி ஆட்டத்தை மாற்றிப் பார்த்து, பிறகு பழைய பாணிக்குப் பெருமளவு திரும்பியது. 2024-ல் குவார்ட்டர்பேக் பிரைசன் டெய்லி ஓடியே 32 டச்டவுன் எடுத்தார், அணி 12 ஆட்டங்களில் வென்றது. விஸ்கான்சினோ 2023-ல் பந்தை எறியும் ஆட்டத்துக்குத் தாவியது. எனக்கு அது இன்றும் வருத்தம்.

சரி, எது மேல்? கனமான ஆட்கள் கிடைக்கும் கல்லூரிக்கு விஸ்கான்சின் வழி. தவறினாலும் நஷ்டம் குறைவு. கிடைக்காத கல்லூரிக்கு ஆர்மி வழிதான். 10 கெஜம் முன்னேற நான்கு முயற்சிதான் உண்டு. மற்ற அணிகள் பெரும்பாலும் பந்தை உதைத்துவிடும் நான்காவது முயற்சியிலும் அங்கே தயங்காமல் ஓடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் 10 கெஜத்துக்கு ஒரு முயற்சிக்கு இரண்டரை கெஜம் கிடைத்தாலே போதும்.