எம்எஸ்எஃபா, எம்இடியா? நாங்கள் எம்இடி எடுத்த காரணம்

பினாங்கின் பிறையில் இருக்கும் எங்கள் டிசைன் அலுவலகத்துக்கு வளைகுடாவிலிருந்து ஒரு வேலை வந்தது, கடல்நீரைக் காய்ச்சிக் குடிநீராக்கும் யூனிட். எம்எஸ்எஃப் (மல்டி-ஸ்டேஜ் ஃப்ளாஷ்), எம்இடி (மல்டி-எஃபெக்ட் டிஸ்டிலேஷன்) என்ற இரண்டு முறைகளையும் அலசிவிட்டு எம்இடியை எடுத்தோம். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

எம்எஸ்எஃபில் கடல்நீரை 90 முதல் 110 டிகிரிவரை சூடாக்கி, அழுத்தம் குறைந்துகொண்டே போகும் அறைகளுக்குள் விட்டால் குபீரென்று ஆவியாகும். எம்இடியில் குழாய்களின் மேல் கடல்நீரைத் தெளிக்கிறோம், ஒரு எஃபெக்டில், அதாவது ஓர் ஆவியாக்கும் அறையில், எழும் ஆவி அடுத்த எஃபெக்டின் குழாய்க்குள் போய் அங்கே கொதிக்கவைக்கும். பம்புக்கான மின்சாரமும் எம்இடிக்குக் குறைவு. சரி, இதெல்லாம் தெரிந்த கதை.

முடிவு செய்தது ஸ்கேல்தான், அதாவது குழாயில் பிடிக்கும் உப்புப் படிவு. செம்பனை ஆலையில் பாய்லர் பார்த்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், மெல்லிய படிவு ஒன்றே நீராவியை எப்படித் தின்னும் என்று. கால்சியம் கார்பனேட் என்றால் ஆசிட் விட்டுக் கழுவிவிடலாம். கால்சியம் சல்ஃபேட் அப்படிப் போகாது, அதுவும் சூடு ஏற ஏறக் கரைவது குறையும். வளைகுடாத் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 45 கிராம் உப்பு, நம் பினாங்குக் கடலைவிட நன்றாகவே அதிகம். எம்இடி 70 டிகிரியைத் தாண்டாததால் அந்தத் தொல்லைக்குத் தள்ளியே நிற்கிறது, படிவைத் தடுக்கும் ஆன்டிஸ்கேலன்ட் மருந்து ஒழுங்காகப் போனால் போதும்.

ஆனால் சூட்டைக் குறைத்தால் வெப்ப இடைவெளியும் சுருங்கும். மேலே 70, கடைசி எஃபெக்டில் 40 என்றால் எல்லா எஃபெக்டுக்கும் பங்குபோடக் கையில் இருப்பது 30 டிகிரி. வளைகுடாக் கோடையில் கடலே 35 டிகிரி தொடும், அதனால் கீழே இறங்கவும் வழியில்லை. உப்பினால் கொதிநிலை ஏறுவதே ஒவ்வொரு எஃபெக்டிலும் ஒரு டிகிரிக்குப் பக்கத்தில் விழுங்கிவிடும். எஃபெக்டைக் கூட்டினால் நீராவி மிச்சம், ஆனால் குழாய்ப் பரப்பு எகிறும். நீராவி விலையையும் குழாய் விலையையும் எதிரெதிரே வைத்துத்தான் எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டும். அப்புறம் நடு எஃபெக்டின் ஆவியை இழுத்து மறுபடி முதல் எஃபெக்டுக்கு அனுப்பும் நீராவி எஜெக்டர் வைத்தால் குறைந்த எஃபெக்டிலேயே நல்ல விளைச்சல் கிடைக்கும்.

எம்எஸ்எஃபுக்கும் ஒரு பலம் உண்டு. அதில் உப்புநீர் குழாய்க்குள் ஓடுவதால் ஆலை ஓடும்போதே ஸ்பாஞ்ச் பந்து விட்டுத் துடைக்கலாம். எம்இடியில் படிவு குழாய்க்கு வெளியே, குழாய்க் கட்டின் நடுவே பிரஷ் எட்டாது. பெரிய எம்எஸ்எஃப் ஆலையை நான் ஓட்டிப் பார்த்ததில்லை, அங்கே இருபது வருடம் இருந்தவர் வேறு மாதிரி சொல்லலாம். பெரிய அளவுக்கு எம்இடி தாங்குமா என்ற கேள்விக்கு மட்டும் சவூதியின் ஜுபைல் பதில் சொல்கிறது: 27 யூனிட், நாளுக்கு 8 லட்சம் கனமீட்டர்.

எம்இடி எடுத்தால் தெளிப்பு நீரில் கஞ்சம் பிடிக்காதீர்கள். குழாயில் எங்கே காய்கிறதோ அங்கேதான் ஸ்கேல் பிடிக்கும், பம்பைச் சிறிதாக்கச் சொல்லி யார் கேட்டாலும் ஒத்துக்கொள்ள வேண்டாம்.