கலாக்டிகாவா, ஃபயர்ஃபிளையா: எதை மேசையில் விரிப்பது?

டிவி தொடர்களை வைத்து வரும் போர்ட் கேம்கள் பலவற்றில், தொடரின் ஸ்டில்களைக் கார்டில் அச்சடித்ததோடு வேலை முடிந்துவிடுகிறது. படத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது எங்கோ ஆடிய பழைய விளையாட்டுதான். அந்தப் பழி ஒட்டாத இரண்டு உண்டு: ஃபேன்டசி ஃப்ளைட் 2008இல் வெளியிட்ட ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’, கேல் ஃபோர்ஸ் நைன் 2013இல் கொண்டுவந்த ‘ஃபயர்ஃபிளை’. இரண்டிலும் விண்கப்பல், இரண்டிலும் எரிபொருள் கவலை. ஆனாலும் ஒன்றை எதிர்பார்த்து உட்கார்ந்தவருக்கு மற்றதை விரித்தால் முகம் வாடிவிடும்.

கலாக்டிகாவில் எல்லோரும் ஒரே கப்பலில். எரிபொருள், உணவு, மன உறுதி, மக்கள்தொகை என்று நான்கு கணக்குகள். எது பூஜ்யத்தைத் தொட்டாலும் மனிதர்கள் தோற்றார்கள். கூடவே, ஆளுக்கொரு ரகசியக் கார்டு: நீ மனிதன், அல்லது நீ சைலான், அதாவது மனித உருவில் ஒளிந்திருக்கும் எதிரி இயந்திரம்.

விளையாட்டின் உயிர் நெருக்கடிக் கார்டில் இருக்கிறது. ஒவ்வொருவர் முறையின் முடிவிலும் ஒன்று வரும். உதாரணத்துக்கு, 13 புள்ளி வேண்டும், மஞ்சளும் பச்சையும் கூடும், மற்ற நிறங்கள் கழியும் என்கிறது கார்டு. ஆளாளுக்குத் தங்கள் கார்டுகளைக் கவிழ்த்து வைக்கிறார்கள். பொதுக் கட்டிலிருந்தும் இரண்டு சேர்கின்றன. கலைத்துத் திறந்தால் மூன்று சிவப்பு! இரண்டைப் பொதுக் கட்டின் தலையில் கட்டிவிடலாம். மூன்றாவது யாருடையது? இந்த மேசையில் சிவப்பு எடுக்கக்கூடியவர்கள் யார் யார்? கையிலுள்ள கார்டின் மதிப்பை வெளிப்படையாகச் சொல்லவும் கூடாது. ‘கொஞ்சம் உதவ முடியும்’ என்று பட்டும் படாமலும்தான் பேச வேண்டும். பொய் சொல்பவருக்கு இதைவிட வசதியான விதி கிடையாது.

அதோடு நிற்கவில்லை. கப்பல் சேர வேண்டிய இடத்துக்குப் பாதித் தூரம் போனதும் ரகசியக் கார்டுகளை இன்னொரு சுற்றுப் பங்கிடுகிறார்கள். அதுவரை கப்பலைக் காக்க உயிரைக் கொடுத்தவர், தானே சைலான் என்று அப்போதுதான் தெரிந்துகொள்கிறார். தொடரின் மையமே இதுதான். வடிவமைப்பாளர் கோரி கோனியெட்ஸ்கா அதை வசனமாக எழுதாமல் விதியாகவே ஆக்கிவிட்டார். தொடரின் ஒரு எபிசோடைக்கூடப் பார்க்காதவருக்கும் அந்தப் பதைப்பு அப்படியே போய்ச் சேரும்.

ஃபயர்ஃபிளை அப்படியல்ல. 14 எபிசோடோடு நின்றுபோன தொடரின் மேல் ஆசை இருப்பவருக்குத்தான் அது முழுதாகத் திறக்கும். ஆளுக்கொரு கப்பல், ஒரு கேப்டன். பேட்ஜர், நிஸ்கா போன்ற நிழலுலக ஆட்களிடம் வேலை வாங்கி, ஆள் சேர்த்து, சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்த்து, கிடைத்த காசில் சம்பளம் போட வேண்டும். மெல்ல நகர்ந்தால் எரிபொருள் செலவில்லை, ஆனால் ஒரு கட்டம்தான். வேகமாகப் பறந்தால் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கார்டைத் திருப்ப வேண்டும். பெரும்பாலும் வெறும் இருட்டு. சில சமயம் ரீவர் என்னும் கொடூரக் கொள்ளையரின் கப்பல். எனக்கு மிகவும் பிடித்த விதி இது: நியாயம் பார்க்கும் ஆட்களைக் கூட வைத்துக்கொண்டு அநியாயமான வேலையைச் செய்தால் அவர்கள் அதிருப்தி அடைவார்கள். அப்படிப்பட்டவரை, அந்த இடத்துக்கு வரும் இன்னொரு கேப்டன் காசு கொடுத்து இழுத்துக்கொள்ளலாம்.

ஆனால் அடுத்தவர் ஆட்டத்தில் தலையிட இப்படிப்பட்ட வழிகள் குறைவு. நாலு பேர் ஆடினால், மூன்று பேர் அவரவர் பயணத்தை முடிக்கும்வரை நாலாமவர் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். இரண்டு பேருக்கு அருமை, தனியாகவும் ஆடலாம்.

கலாக்டிகாவுக்கோ குறைந்தது மூன்று பேர் தேவை. நாலு அல்லது ஆறு பேர் என்றால், சமநிலைக்காக ‘அனுதாபி’ என்றொரு கார்டு நுழைகிறது. ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கும். ஐந்து பேர் கச்சிதம். மூன்று மணி நேரம் சாதாரணமாக ஓடிவிடும். சீக்கிரமே மாட்டிக்கொண்ட சைலானுக்கு மீதி நேரத்தில் செய்வதற்கு அதிகம் இல்லை என்பது உண்மையான குறை. சந்தேகப்பட்டதைச் சொந்த விஷயமாக எடுத்துக்கொள்பவர் இருக்கும் கூட்டத்தில் இதைத் திறக்கவே திறக்காதீர்கள்.

‘ஸ்டார் ட்ரெக்: அசெண்டன்சி’ இந்தப் போட்டிக்கு வருமா என்று கேட்கலாம். கிளிங்கன்கள் என்ற போர்க்குண இனத்தார் போரில் பின்வாங்கவே கூடாது என்பது போன்ற அழகான விதிகள் அதில் உண்டு. ஆனால் அடிப்படைப் பெட்டிக்குச் சரியாக மூன்று பேர் வேண்டும். ஒருவர் வராவிட்டால் ஆட்டம் இல்லை.

என் ஓட்டு கலாக்டிகாவுக்கே, ஐந்து பேர் கூடுகிற நாளில். இருவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஃபயர்ஃபிளைதான். ஒரு சிக்கல்: கலாக்டிகா இப்போது அச்சில் இல்லை. அதே அமைப்பை 1913ஆம் ஆண்டுக் கப்பல் ஒன்றுக்கும் கடல் பூதங்களுக்கும் மாற்றி, 2021இல் ‘அன்ஃபேத்தமபிள்’ என்று வெளியிட்டார்கள். சந்தேகம் அதிலும் நன்றாக வேலை செய்கிறது. சைலான்தான் இல்லை. பழைய கலாக்டிகா பெட்டியே கையில் கிடைத்தால், பெகாசஸ், எக்ஸோடஸ், டேபிரேக் என்ற விரிவாக்கங்களை முதல் ஆட்டத்தில் தொடாதீர்கள். அடிப்படைப் பெட்டியில் இருப்பதே ஒரு மாலைக்குத் தாராளம்.